ஒட்டுப் போட்ட விசிறிச் சிப்பி

"இது ஒரு சிப்பி இல்ல சார். ரெண்டு சிப்பி."

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் அவள். எதிரே நின்றவனின் முன்தலை முடியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி விழுந்தால் பதிவுச் சீட்டு நனையும். அதையும் ஓரக்கண்ணால் கவனித்து வைத்திருந்தாள்.

"எண்ணிப் பார்த்துத்தான் மேடம் கொண்டுவந்தேன். ஒண்ணுதான் இருந்துச்சு."

"மேல் மூடி ஒரு இனம். கீழ் மூடி வேற இனம். யாரோ ஜோடி சேர்த்திருக்காங்க."

"கடலுக்கு அடியில யாரு மேடம் போய் ஜோடி சேர்க்கப் போறா? அதுங்களே பார்த்துச் சேர்ந்துக்கிட்டாத்தான் உண்டு."

பேச்சு வழுக்குகிறது... இவ்வளவு வழுக்கினால் அடியில் நிறையப் பாசி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்த அருங்காட்சியகத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு ஜன்னல் திறக்கும். யார் வேண்டுமானாலும் கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து, இது என்ன என்று கேட்கலாம். பதில் சொல்வது அவள் வேலை. சிப்பி, சங்கு, சோழி எதுவானாலும் மேல் ஓட்டைப் பார்த்து இனம் பிரித்துவிடுவாள். கண்ணில் விழுந்ததையெல்லாம் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் அவளுக்கு லென்ஸம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். யார் வைத்தது என்பதில்தான் இன்னும் மூன்று பேர் மேல் சந்தேகம் இருந்தது.

சந்தேகப்பட அவளுக்குக் காரணமும் உண்டு. பத்து வருடமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்ததில், வெறும் பெயர் கேட்டு யாரும் வருவதில்லை என்று தெரிந்துகொண்டிருந்தாள். பெயரை இங்கே வாங்குவார்கள், அடுத்த தெருவுக்குள் நுழைவதற்குள் அதன் தலையில் ஒரு விலையைக் கட்டிவிடுவார்கள். அதற்காகச் சாயம் பூசுகிறவர்கள் உண்டு, உடைந்த ஓரத்தை ராவுகிறவர்கள் உண்டு, இரண்டு அரைச் சிப்பியை ஒட்டி உலகத்திலேயே இல்லாத முழுச் சிப்பி செய்கிறவர்களும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்காகவே ஜன்னலுக்கு உள்பக்கம், வெளியே நிற்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு: மறுமுறை நம்ப வேண்டாதவர்கள். 'முத்து என்று சட்டைப் பித்தான் கொண்டுவந்தவர்.' 'டைனோசர் முட்டைக்காரர், இரண்டாம் முறை அழுதார்.' இப்படி இருபத்தாறு பேர்.

மறுபடி லென்ஸுக்குள் குனிந்தாள்.

கட்டைவிரல் நகத்தளவு விசிறிச் சிப்பி. ஆழ்கடல் சாதி. அடியில் வைத்த தாளின் எழுத்து தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாக இருந்தது. விசிறிக்குக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் குட்டிக் காதுகள். மேல் மூடியில் அங்கிருந்து ஓரம்வரை வெயில் கதிர்போல மெல்லிய வரிகள் ஓடின. திருப்பிப் பார்த்தால் கீழ் மூடியில் ஒரு கதிர்கூட இல்லை. குளத்தில் கல் விழுந்த மாதிரி வளையம் வளையமாக இருந்தது. அதோடு மேல் மூடியைவிட அது ஓர் இழை சின்னது. அளவு தெரியாத தையல்காரர் தைத்த சட்டைபோல ஓரத்தில் பொருந்தாமல் நின்றது. இரண்டும் சேரும் மூட்டில் ஒரு சின்னப் பளபளப்பு...

"இது என்ன?"

"பசை மேடம்."

"யார் போட்டது?"

"நான்தான்."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் இதற்குப் பின்னால் பெரிதாக வேறு ஏதோ இருக்கிறது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

பார்த்திருக்கக் கூடாது.

இமையெல்லாம் மழை. அதற்குள்ளே இரண்டு கண்கள், கொஞ்சம் களைப்பாக, கொஞ்சம் வேடிக்கையாக... வாய் சிரிக்கவில்லை. சிரிப்பு முழுவதும் மேலே குடியேறியிருந்தது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இவன் எத்தனை ஊரில் எத்தனை பேரை ஏமாற்றியிருப்பான் என்று அவசரமாக நினைத்துக்கொண்டு, மறுபடி சிப்பியைப் பார்த்தாள். நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? மழைக்காற்றாக இருக்கும்.

"நான் கேபிள் கப்பல்ல இருக்கேன்," என்றான் அவன். "கடலுக்கு அடியில போற கேபிள் அறுந்தா மேல தூக்கி இணைப்புப் போடுறது என் வேலை. போன மாசம் தூக்கினப்போ கொக்கியில ஒரு கூடை சேறு வந்துச்சு. அதுக்குள்ள இது. அப்ப ரெண்டு மூடியும் சேர்ந்து ஒண்ணாத்தான் இருந்துச்சு. என் பெட்டி டிராயர்ல வச்சேன், கப்பல் ஆடின ஆட்டத்துல ரெண்டா விட்டுப்போச்சு. அறுந்ததைப் பார்த்தா எனக்குச் சும்மா இருக்க முடியாது... ஒட்டிட்டேன்."

"ஒட்டினதை வந்ததும் சொல்லியிருக்கணும்."

"வந்ததும் நீங்க ரெண்டு சிப்பின்னு சொல்லிட்டீங்க. எனக்கு எங்க இடம் கொடுத்தீங்க?"

"உங்களுக்கு இதுல என்ன வேணும்?"

"பேரு."

"பேரு மட்டுமா?"

"அவ்வளவு ஆழத்துல இருந்து வந்திருக்கு. நான் பாட்டுக்கு 'ஏய்'னு கூப்பிட்டுட்டு இருக்கேன். நல்லாவா இருக்கு?"

அவள் சிரித்துவிடாமல் சீட்டு எழுதினாள். எந்த இடம், எத்தனை ஆழம், எல்லாம் கேப்டன் கையெழுத்தோடு நாளை வர வேண்டும் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனதும், உள்பக்கத் தாளில் தேதி போட்டு இருபத்தேழாவதாக எழுதினாள்: 'கேபிள் கப்பல்காரர், ஒட்டுச் சிப்பி. கண்ணைப் பார்க்க வேண்டாம்.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்து நின்றான். கப்பல் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அறுநூற்று நாற்பது மீட்டர் ஆழம், கேப்டன் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தன.

"தாள் ரொம்பச் சுத்தமா இருக்கே," என்றாள்.

"அழுக்குப் பண்ணிக் கொண்டுவரட்டுமா?"

"கப்பல்ல இருந்து வர்ற தாள் கொஞ்சம் கசங்கியிருக்கும்."

அவன் அங்கேயே தாளைக் கசக்கி, நீவி, திரும்ப நீட்டினான். "இப்ப நம்புறீங்களா?"

"அந்தச் சேறு வேணும்."

வியாழக்கிழமை சேறு வந்தது. ஜாடியில், மூடி இறுக்கி, மேலே தேதி எழுதி. சாம்பல் நிறத்தில் சோப்புப்போல வழவழவென்று, ஆழ்கடல் சேறு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிற ஆளிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருக்கும் அக்காவுக்குக் கண்ணும் காதும் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் இருந்தன. அவன் கை கழுவப் போன நேரத்தில் ஜன்னலருகே வந்தாள்.

"மூணு நாளா வர்றாரு. வேலை என்னன்னு ஒரு பத்தி இருக்கே பதிவேட்டுல, அதுல இன்னைக்கு என்ன எழுதியிருக்காரு தெரியுமா? 'சேறு.'"

"ஆமா, நான்தான் கேட்டேன்."

"நேத்து தாள், இன்னைக்குச் சேறு. நாளைக்கு அவங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லு."

"அக்கா..."

"சரி, ஒண்ணு கேக்குறேன். ஒட்டுன்னுதானே சந்தேகம்? பசையைக் கரைச்சுப் பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடாது? நகப்பூச்சு அழிக்கிற தண்ணி ரெண்டு சொட்டு, பத்து நிமிஷ வேலை. வழக்கமா நீயே மொதல்ல அதைத்தானே செய்வ?"

"ரொம்ப மெல்லிசு. உடைஞ்சுடும்."

"எது?" என்று கேட்டுவிட்டு அக்கா தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு மழை விடவில்லை. மழை விடும்வரை உட்காரட்டும் என்று அவனை உள்ளே கூப்பிட்டாள். சந்தேகப்படும் ஆளைக் கண் பார்வையில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று தனக்கே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள். இழுப்பறைகளைத் திறந்து காட்டினாள். விசிறிச் சிப்பியில் இடது வலது எப்படிப் பார்ப்பது, காதுக்குக் கீழே சின்ன வெட்டு இருந்தால் அது வலது, வரியை எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்... அவன் தோள் அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்த ஒரு சாணையும் அவள் கணக்கில் வைத்திருந்தாள்.

"இதுதான் உங்க கீழ் மூடி." ஒரு தட்டில் மூன்று அரைச் சிப்பிகள். எல்லாம் வளையம். "எண்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் பேர் வச்சது. இது உங்க மேல் மூடி." பக்கத்துத் தட்டில் நான்கு. எல்லாம் கதிர். "இதுக்குப் பேர் வச்சது எங்க அப்பா. அவரும் இதே அறையிலதான் வேலை பார்த்தாரு."

"என்ன பேர் வச்சாரு?"

"எங்க அம்மா பேரு."

"அட," என்றான். உண்மையிலேயே சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு தட்டுகளின் மேல் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "எல்லாமே பாதி பாதியாத்தான் கிடைச்சுதா? முழுசு ஒண்ணுகூட இல்லையா?"

"சேத்துல செத்த ஓடுதான் வரும். மெல்லிசு, காதெல்லாம் முதல்ல உடைஞ்சுடும்."

"இதுல ஒண்ணுக்குக் காது இருக்கே. வெட்டு இருக்கு. அப்ப வலது. அந்தத் தட்டுல இதுக்கும் காது இருக்கு. வெட்டு இல்ல. அப்ப இடது." தலையைச் சொறிந்தான். "நான் கேபிள்காரன், தப்பா இருந்தா திட்டாதீங்க. வளையமெல்லாம் வலது, கதிரெல்லாம் இடதுன்னா... ஒரு ஜோடிச் செருப்பை ரெண்டு கடையில வச்ச மாதிரி இல்ல?"

அவள் இழுப்பறையைச் சாத்தினாள். சத்தம் தேவைக்கு மேல் வந்தது.

"மழை விட்டுடுச்சு," என்றாள். விடவில்லை.

ஆழ்கடல் விசிறிச் சிப்பிகளில் சில குடும்பங்களில் இரண்டு மூடியும் இரண்டு மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியும். அது இங்கே பொருந்தாது, அளவு ஒத்துவரவில்லை என்று அவர் தன் கட்டுரையிலேயே ஒரு வரி எழுதியிருந்தார். பத்து வருடத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள் அந்த ஒரு வரியை மட்டும் லென்ஸுக்குக் கீழே வைத்ததே இல்லை. வைத்து, இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டால் முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்பது விதி, முதலில் பலகை மாட்டியவருக்குத்தான் கடை. எண்பது வருடத்துப் பெயர் நிற்கும். அம்மாவின் பெயர் போய்விடும்.

அம்மாவுக்கு அந்தப் பெயர் நகைமாதிரி. புதிதாகக் குடிவந்தவர்கள், பால்காரர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் வரை யார் வந்தாலும் மூன்றாவது வாக்கியத்தில், "கடல்ல என் பேர்ல ஒரு சிப்பி இருக்கு," என்பாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் பேச்சை மெதுவாக எடுத்தாள். அப்பா கேட்ட முதல் கேள்வி, "யார் அனுப்பின ஆள்?"

"யாரும் அனுப்பலப்பா. கப்பல்ல வேலை செய்றவர்."

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, சரியா அந்த ரெண்டு பாதியும் சேர்ந்து, உன் ஜன்னலுக்கே நடந்து வருதா? எனக்கு எதிரிங்க இருக்காங்கம்மா."

"இன்னும் யார் இருக்கா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள். "கடைசி ஆளும் போன வருஷம் போய்ச் சேர்ந்தாச்சு. நீங்கதான் மாலை வாங்கிட்டுப் போனீங்க."

"மூட்டுல பசை இருக்கா?" அப்பா மகளைத்தான் பார்த்தார்.

"இருக்கு."

"அப்புறம் என்ன யோசனை? போலின்னு எழுதித் திருப்பிக் கொடு. அந்த ஆளையும் இனிமே உள்ள விடாத."

சட்டென்று வந்தது பதில். அளவுக்கு மீறிச் சட்டென்று... அப்பாவின் விரல்கள் மேஜை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தன. பொய் சொல்கிறவர்களின் கையை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

வெள்ளிக்கிழமை அவன் ஒரு சாட்சியோடு வந்தான். அவள் கேட்கக்கூட இல்லை. கப்பல் சமையல்காரர், நல்ல கனத்த ஆள், நாற்காலியில் உட்காராமல் நின்றே வாக்குமூலம் கொடுத்தார்.

"ஆமாம்மா, சேத்துல இருந்து எடுத்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். இவ்வளவு சின்னதை வச்சு நாப்பது பேருக்கு எப்படிச் சமைக்கிறதுன்னு இவர்கிட்ட சண்டைகூடப் போட்டேன்."

"அப்ப மூடியிருந்துச்சா?"

"என் வாய் மாதிரி இல்லம்மா. நல்லா மூடித்தான் இருந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். நான்கு நாளில் முதல் தடவை. அந்தச் சிரிப்பைப் பார்த்த கேபிள்காரன் அடுத்து என்ன பேச வந்தானோ அதை மறந்து நின்றான். அதை அவளும் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஒரு கதவு தானாகத் திறந்துகொண்டது... 'வாக்குமூலத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க' என்று சொல்லித் தாளை எடுக்க அடுத்த அறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது சமையல்காரர் மட்டும் வாசலில் நின்றிருந்தார். அவன் மேஜைக்கு உள்பக்கம், எழுத பேனா தேடி வந்தவன், ஜன்னல் தாளின் முன் நின்றுகொண்டிருந்தான். இருபத்தேழாவது வரியில் விரல் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை தேதி போட்டிருக்கு," என்றான்.

அவள் கொண்டுவந்த தாளை மேஜை மேல் வைத்தாள்.

"நான் முதல் நாள் வாசப்படி இறங்குறதுக்குள்ளயே எழுதிட்டீங்க. அதுக்கப்புறம் தாள் கேட்டீங்க, கொண்டுவந்தேன். சேறு கேட்டீங்க, கொண்டுவந்தேன். முடிவு பண்ணிட்டு எதுக்கு மேடம் விசாரணை? வேடிக்கையா இருந்துச்சா?"

"அப்படி இல்ல..."

"போலின்னு சொன்னா போலி. நீங்க படிச்சவங்க. ஆனா பித்தான்காரர் பக்கத்துல என்னை உட்கார வச்சிருக்கீங்களே..." இப்போது அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அந்த முகம் ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடுமாதிரி இருந்தது. "நாளைக்குப் பத்து மணிக்குக் கப்பல் கிளம்புது, திரும்பி வர ஆறு வாரம் ஆகும். சிப்பி இங்கேயே இருக்கட்டும். எனக்கு இனிமே அதுக்குப் பேர் வேண்டாம்."

பதிவேட்டில் வெளியேறிய நேரம்கூட எழுதாமல் போய்விட்டான். அக்காவே பேனாவை எடுத்து அந்த நேரத்தை எழுதினாள்.

அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தாள். இரண்டு சொட்டு. மூட்டிலிருந்த பளபளப்பு மங்கி, வெளுத்து, தோல்போல உரிந்தது. எட்டே நிமிடம். அக்கா சொன்னதைவிட இரண்டு நிமிடம் குறைவு.

இரண்டு மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியிலிருந்து விளக்கைப் போட்டாள்.

மூடியிருந்தவரை ஒன்றின் கோடுகள் மற்றொன்றின் கோடுகளோடு கலந்து குழம்பியிருந்தன. இப்போது வெளிச்சம் ஓட்டுக்குள் புகுந்து வந்தது. கதிர் மூடியில், மூட்டிலிருந்து நான்கு மில்லிமீட்டரில் ஒரு சுருக்கம். நண்டோ எதுவோ ஓரத்தைக் கடித்திருக்கிறது. சிப்பி சாகாமல் பிழைத்து, காயத்துக்கு மேலேயே வளர்ந்திருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைய மூடிக்குப் போனாள். நான்கு மில்லிமீட்டர். அதே அகலம். அதே சுருக்கம். ஒரு பல் போட்ட கடி, இரண்டு பக்கமும் ஒரே நாளில் வாங்கியது. எந்த ஒட்டுக்காரனாலும் இதைச் செய்ய முடியாது. சின்னதாக இருந்த மூடியின் ஓரத்தை ஊசியால் மெல்லத் தொட்டாள். உடையவில்லை, வளைந்தது. வளைந்து பெரிய மூடியோடு படிந்து இறுக்கிக்கொள்வதற்காகவே சின்னதாகப் பிறந்த மூடி. அப்பாவின் அந்த ஒரு வரிக்கு இதுதான் பதில்.

இரண்டும் ஒரே உயிர்.

எட்டு நிமிட வேலை. ஏன் செவ்வாய்க்கிழமையே செய்யவில்லை? அம்மாவின் பெயர் போய்விடும் என்ற பயம், ஆமாம். அதை ஒத்துக்கொண்டாள். இன்னொரு காரணமும் இருந்தது... அதை விளக்குக்குக்கூடச் சொல்லாமல் விளக்கை அணைத்தாள்.

வீட்டில் அப்பாவின் முன்னால் கிண்ணத்தையும் லென்ஸையும் வைத்தாள். அவர் குனிந்தார். நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது அவர் பார்வை மகளிடம் வரவில்லை, அடுக்களைப் பக்கம் போயிற்று.

"அன்னைக்கே எனக்கு லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார் மெல்ல. "கல்யாணமான புதுசு. கையில வேற எதுவும் இல்ல, கொடுக்கிறதுக்கு. சந்தேகத்தை ஓரமா வச்சுட்டேன்." பிறகு, "உங்க அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

சொல்லத் தேவையில்லாமல் அம்மா கதவருகே நின்றிருந்தாள். வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்கு லென்ஸ் பிடிக்கத் தெரியாது, தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா பாதிச் சிப்பிக்குத்தான் என் பேரா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"பேரு போகட்டும். அந்தப் பேரை நினைச்சுத்தான் இவர் பண்ணின எத்தனையோ விஷயத்தைச் சும்மா விட்டேன். இனிமே விட மாட்டேன், அவ்வளவுதான்." குரல் கொஞ்சம் கம்மியது. அதைச் செருமிச் சரிபண்ணிக்கொண்டாள். "நீ உள்ளதை எழுதும்மா. பொய்யில என் பேர் எதுக்கு?" இரண்டடி நடந்து திரும்பினாள். "அந்தக் கப்பல்காரருக்கு என்ன வயசு?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"நாலு நாள் விசாரிச்சிருக்க. அதை மட்டும் கேக்கலையாக்கும்."

சனிக்கிழமை காலை ஒன்பதரை. துறைமுகத்தில் மழை சாய்வாக அடித்தது. குடையைத் திருப்பிப் போட்ட காற்றோடு சண்டை போட்டுத் தோற்று, குடையை மடக்கிவிட்டு நனைந்தபடியே நடந்தாள். கப்பலின் வயிற்றில் பெரிய சக்கரங்கள்போலக் கேபிள் சுருள்கள். ஏணிப்படியின் அடியில், ஒரு பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டு அவன்.

"மேடம்," என்றான். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. "இன்னும் ஏதாவது தாள் பாக்கியா?"

"இல்ல. இது நான் கொடுக்கிற தாள்."

அவன் வாங்கிப் படித்தான். அது அறிக்கை. முழுச் சிப்பியாகக் கிடைத்த முதல் மாதிரி, இரண்டு இனம் என்று எண்ணியது ஒன்றே, கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவன் பெயர். மழை எழுத்தைக் கரைப்பதற்குள் கடைசிவரை படித்தான்.

"அப்ப உங்க அம்மா பேரு?"

முதல் கேள்வியே அதுவா... தன் பெயர் அதில் இருப்பதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

"போயிடுச்சு. அம்மாதான் எழுதச் சொன்னாங்க."

"நான் இதைக் கொண்டே வந்திருக்கக் கூடாது."

"வந்ததுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். மன்னிப்புக் கேக்கவும்."

"சரி. கேட்டுட்டீங்க." அவன் பெட்டியைத் தூக்கினான். இரண்டு படி ஏறினான்.

இப்போது விட்டால் ஆறு வாரம். ஆறு வாரத்தில் ஒரு மனிதன் எத்தனை துறைமுகம் பார்ப்பான், எத்தனை ஜன்னல் பார்ப்பான்...

"நான் இன்னும் முழுசா சொல்லல," என்றாள்.

அவன் நின்றான்.

"அந்தப் பசையைப் பிரிக்க எட்டு நிமிஷம்தான் ஆச்சு. முதல் நாளே செஞ்சிருக்கலாம். நான் செய்யல."

"ஏன்?"

"சந்தேகம் தீர்ந்துட்டா நீங்க மறுநாள் வர மாட்டீங்க."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, நனைந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "புதன்கிழமை தாளைப் பார்த்ததும் நம்பிட்டேன். சேறு எனக்குத் தேவையே இல்ல. வியாழக்கிழமை மழை விட்டுடுச்சுன்னு சொன்னது பொய். உங்களை ஏமாத்துக்காரர்னு எழுதிட்டு, நாலு நாளும் ஏமாத்தினது நான்தான். ஏன்னா... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. எதையும் நம்பாதவ சொல்றேன், இதுல எனக்குத் துளிகூட சந்தேகம் இல்ல."

அவன் பெட்டியைப் படியில் வைத்தான். பெட்டி உருண்டு கீழே விழுந்தது. அதைக்கூட அவன் பார்க்கவில்லை. இரண்டு படியும் இறங்கி வந்து, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒற்றை விரலால் ஒதுக்கினான்.

"சேறு கேட்டீங்களே," என்றான். "கப்பல்ல சேறெல்லாம் அன்னைக்கே கழுவிட்டாங்க. அந்தக் கொக்கியோட இடுக்குல ஒட்டியிருந்ததைத் தேடி, ராத்திரியெல்லாம் கரண்டியால சுரண்டினேன். சமையல்காரர் என்னைப் பைத்தியம்னு நினைச்சாரு. எனக்கும் அப்பவே தெரியும், இது சிப்பிக்காக இல்லன்னு."

மேல்தளத்திலிருந்து கேப்டன் கம்பியைப் பிடித்துக் குனிந்தார். "யோவ், கப்பல் கிளம்பணும். ஏறப்போறியா, இல்ல அங்கேயே கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

அவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்களில் சிரிப்பு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

அவள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "முதல்ல ஏறட்டும் சார். மத்ததை ஆறு வாரம் கழிச்சு எங்க அம்மாகிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க."